வயரைக் கழற்றாமல் செய்த சோதனை

மின்விசிறியைக் கொஞ்சம் குறையுங்கள், ஐயா. என் குரல் சின்னது. சொன்னதையே திரும்பச் சொல்லவும் எனக்குப் பிடிக்காது.

பெயர் றபீக்கா. காத்தான்குடியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மீன்பிடிப் படகுகளில் பூட்டுகிற அபாயப் பெட்டிதான் எங்கள் குழுவின் வேலை. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால், படகு நிற்கும் இடம் என் திரைக்கு வரும். பெட்டிக்குள் இருப்பது ஒரு சின்னக் கணினி. மின்சாரம் கொடுத்ததும் அதன் கேர்னல், அதாவது மற்றதையெல்லாம் இயக்குகிற அடிப்படை மென்பொருள், முதலில் எழும்ப வேண்டும். பச்சை விளக்கும், இடத்தை அனுப்புகிற ரேடியோவும் அதற்குப் பிறகுதான். கேர்னல் பாதியில் உறைந்துபோனால், ஏன் என்று சொல்ல அங்கே எதுவும் விழித்திருக்காது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரித்தான். அதனால் மேசையில் வைத்து ஒரு வயரைப் பொருத்துவோம். எழும்பும்போது அது எழுதுகிற வரிகள் மடிக்கணினியில் வரும். கடைசியாக வந்த வரிக்கு அடுத்த இடத்தில் பழுதைத் தேட வேண்டும்.

இதில் நான் கெட்டிக்காரி. முதல் உறைவைக் கண்டுபிடித்தவள் நான். ஆனால் மீனவர் சங்கக் கூட்டத்தில் எங்கள் குழுத் தலைவன், களுவாஞ்சிக்குடி ஜெயந்தன், எழுந்து நின்று, "பெட்டி உறையிற வருத்தத்த நான் கண்டுபிடிச்சிட்டன்" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு எரிந்த நெஞ்சு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது உறைவு எனக்கு மட்டும்தான் தெரியும். அது வேறு மாதிரி. படகின் பற்றரி சோர்ந்திருந்தால் பெட்டியின் கடிகாரச் சில்லு மெதுவாகத்தான் விழிக்கும். கேர்னலோ அவசரப்பட்டு அதனிடம் நேரம் கேட்டுவிட்டு, வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். ஆனால் எங்கள் வயரைப் பொருத்தினால் அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்து சில்லு உடனே விழித்துவிடும். அதாவது, நாங்கள் பார்க்கும்போது மட்டும் நோய் இருக்காது.

ஜெயந்தன் எல்லாப் பெட்டிகளையும் வயரோடு சோதித்துச் சரி என்றான். கழற்றிவிட்டுப் பார் என்று நான் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் திரும்பக் கேட்கும்படி ஒரு திருத்தம் ஏற்கெனவே எழுதியிருந்தேன். பெட்டிகளுக்குப் போகும் மென்பொருள் பதிப்பிலிருந்து அதை நானே எடுத்தேன்.

நான் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. பெட்டி உறைய வேண்டும். அவன் என்னைக் கூப்பிட்டு, இது உனக்குத்தான் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

போனில் கூப்பிட்டான். எங்களுக்கு வடக்கே பனிச்சங்கேணியில், அல்பேட் அண்ணன் என்ற மீனவரின் படகிலிருந்து. பெட்டியைக் கடலில் சோதிக்க இருவரும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வடக்கே வானம் கறுத்திருந்தது என் ஜன்னலிலேயே தெரிந்தது.

"றபீக்கா, பச்ச லைற் இன்னும் வரல்ல. இப்பிடியே போகலாமா?"

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை.

"அது சுணங்கித்தான் வரும். நீங்க வெளிக்கிடுங்க" என்றேன்.

"தங்கச்சி சொன்னாச் சரி" என்று பின்னால் அல்பேட் அண்ணன் சொன்னதும் கேட்டது. அவரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல மனிதர்.

பின்னேரம் காற்று எழும்பியது. அல்பேட் அண்ணனின் மனைவி எமிலி அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, பெட்டி என்ன சொல்லுது? இஞ்ச ஆக்கள் தேடிப் போக படகோட நிக்கிறாங்க."

"ஒண்டும் சொல்லல்ல அக்கா. ஆபத்தெண்டாச் சொல்லியிருக்கும்."

"கர்த்தருக்கு நன்றி" என்று அவர் பெருமூச்சு விட்டார். தேட நின்றவர்கள் படகைக் கரையில் இழுத்துவிட்டார்கள். என் திரை வெறுமையாக இருந்தது. ஆபத்து வந்தாலும் அது வெறுமையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெட்டி பழுது என்று நான் சொன்னால், தேடப் போகிறவர்கள் மூலம் ஜெயந்தனுக்கு அது தெரிந்துவிடும். அதில் எனக்கு விருப்பமில்லை. அவனாகவே திரும்பி வந்து என்னிடம் கேட்கட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் கவிழ்ந்த படகைத்தான் கண்டார்கள். பிறகு இருவரின் உடல்களையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வரவில்லை, ஐயா. அவர்களை அனுப்பியதும், தேடப் போக நின்றவர்களை மறித்ததும் நான்தான். தெரிந்துதான் செய்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அடக்கம் முடிந்த கையோடு அந்தத் திருத்தத்தை மற்ற எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பிவிட்டேன். சோர்ந்த பற்றரியிலும், வயர் இல்லாமலே, எல்லாம் எழும்புகின்றன. ஜெயந்தன் அதைப் பார்த்திருந்தால் இந்தத் தடவை கூட்டத்தில் என் பெயரைத்தான் சொல்லியிருப்பான்.