எல்லை நடை

என் மகள் இலோனிக்குச் சுட்ட ஈரப்பலாக்காய் பிடிக்காது. தேங்காய்ப்பாலில் வேகவைத்து மசித்துக் கொடுத்தால்தான் இரண்டு வாய் சாப்பிடுவாள். நீங்கள் வரும்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பெரிய தீவிலிருந்து இவ்வளவு தூரம் படகில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள், உட்காருங்கள். யார் என்ன சொல்லியிருந்தாலும் என் மகன் தேரவுவை விட்டுவிடுங்கள். அவன் கை இதில் படவில்லை.

எங்கள் தீவின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பன் செத்தால் நிலம் மகனுக்குத் தானாகப் போய்விடும். மகள் பங்கு கேட்டால், அந்த நிலத்தின் எல்லையை வெறுங்காலோடு சுற்றி வரவேண்டும். நடுவில் உட்காரக் கூடாது. யாரும் அவளைத் தொடக் கூடாது. தொட்டால் உரிமை போயிற்று. மறுபடி கேட்கவும் முடியாது.

என் கணவர் போனதும் இலோனி தென்னந்தோப்பில் பாதியைக் கேட்டாள்.

"அப்பாவோட சேர்ந்து நட்டது நான். அண்ணன் அப்ப எங்க இருந்தான்? வலைமேல படுத்துத் தூங்கிட்டு இருந்தான்" என்று ஊர்ச்சபையிலேயே சொன்னாள். ஆண்கள் சிரித்தார்கள். தேரவு சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் என்னிடம் வந்தான். "அம்மா, உன் மக ஜெயிச்சா நீயும் அவளோடயே கிளம்பிடு. என் வீட்டுல உனக்கு இடமில்ல. அப்புறம் அவ அந்தத் தோப்புல எத்தனை நாள் உசுரோட இருப்பாளோ, எனக்குத் தெரியாது."

மிரட்டினான் என்று நினைக்காதீர்கள். தங்கையைப் பற்றிக் கவலைப்பட்டான். விதவைக்கு இங்கே மகன் வீடுதான் வீடு. சபையில் அவளுக்கு வாய் கிடையாது. நான் யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லை ஓரிடத்தில் உப்பங்கழியைக் கடக்கிறது. முழங்காலளவு தண்ணீர், அடியில் சேறு. சின்ன வயதிலிருந்து அங்கே நண்டு பிடித்தவள் நான். கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும் விஷமுள் மீன் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். நடை நாளன்று காலையில் ஒன்றைக் கூடையில் அள்ளி வந்து எல்லைக்கம்பின் அருகே விட்டேன். விட்ட இடத்திலேயே கிடந்தது. சாதுவான மீன்.

பிறகு வந்து இலோனிக்குத் தலை பின்னிவிட்டேன்.

"கழியில எங்கம்மா கால் வைக்கட்டும்? சேறு வழுக்குமே."

"கம்புக்குப் பக்கத்துல ஒரு கல்லு கிடக்கும்டி. அதுமேல நல்லா ஊனி வை."

"நீ இருக்கிறப்ப எனக்கென்ன!" என்று சிரித்தாள்.

அதை மிதித்ததும் கத்திக்கொண்டு விழுவாள், யாராவது ஓடிப்போய்த் தூக்குவார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். அவள் விழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, வீங்கிய காலை இழுத்து இழுத்து நடந்தாள். சபையில் சிரித்தவர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள். "நட பொண்ணே, இன்னும் கொஞ்சந்தான்" என்று ஒருவர் குரல் கொடுத்தார். நடை தொடங்கிய மரம் பக்கத்தில் வந்துவிட்டது.

அப்போது நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

"தொடாதம்மா... விடும்மா, வந்துட்டேன்" என்றாள்.

நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெற்ற மனம் தாங்கவில்லை என்று ஊரே அழுதது.

அவள் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். தோப்பு தேரவுவிடம் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறான். இலோனி உயிரோடு இருக்கிறாள். அதற்காகத்தானே செய்தேன்? இனி யாரும் அவள்மேல் பொறாமைப்பட மாட்டார்கள்.

நான் உள்ளே போனால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். வாசல் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், அவள் பாயை மாற்றிப் போட்டுவிட்டு உங்களோடு வருகிறேன்.