பாடச் சொன்னார்கள், பேசிவிட்டாள்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் காலை பஸ். என் முன்சீட்டில் ஜன்னலோரம் இருந்தவர் பக்கத்திலிருந்த இளையவரிடம் சொன்னார்:

"எம் பொண்ணு கல்யாணத்தை ஒரு அமெரிக்கா டீச்சரம்மா நிறுத்திட்டாங்கப்பா."

இளையவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "அவங்க எதுக்குண்ணே உங்க ஊட்டுக்கு வந்தாங்க?"

"வரலை. செத்தே ரொம்ப வருஷமாச்சு. கறுப்பினத்து அம்மா, அடிமையா இருந்தவங்க வீட்டுப் பொண்ணு. பொண்ணுங்களுக்குன்னு தனியா ஒரு பள்ளிக்கூடமே ஆரம்பிச்சாங்க. அவங்களைப் பத்திப் பேசித்தான் எம் பொண்ணு பேச்சுப்போட்டியில குடம் பரிசு வாங்கினா."

"சரி."

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வந்தவங்க பாடச் சொன்னாங்க. இவளுக்குப் பாட வராது. எழுந்து நின்னு அந்தப் பேச்சை ஒப்பிக்க ஆரம்பிச்சுட்டா. கேசரி ஆறிப்போச்சு, நிறுத்தலையே."

"நீங்க போதும்னு சொல்றதுதானே?"

"பையனோட அம்மா முழுசா கேக்கணும்னுட்டாங்க. 'வயலில் ஆள் பற்றாத நாளிலும் அவர் தந்தை மகளைப் பள்ளிக்கு அனுப்பினார்'னு ஒரு வரி வரும். அங்க நிறுத்தி என்னைப் பார்த்தா. மொத்தப் பேரும் என்னையே பார்த்தாங்க. 'பொண்ணு படிச்சு முடிக்கட்டும், அப்புறம் வரோம்'னு அந்தம்மா எழுந்துட்டாங்க."

"இப்ப எங்க போறீங்க?"

"டீச்சர் டிரெய்னிங் அப்ளிகேஷன் வாங்க."

இளையவருக்கு ஆத்திரம் வந்தது. "அந்த வரியை எவன்ணே எழுதிக் குடுத்தான்?"

அவர் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்.

"நான்தான்."