வங்கி நம்பின மூக்கு

…பேசாதீங்க தம்பி, தாடை அசையக் கூடாது. பசை காயற வரைக்கும் நீங்க வாயைத் திறந்தீங்கன்னா இன்னைக்குச் சாயங்காலம் உங்க ஆபீஸ் நாடகத்துல கிழவர் வேஷம் பாதித் தாடியோடதான் நடக்கும். நான் பேசறேன், நீங்க கேளுங்க. எங்க விட்டேன்? ஆங், மூக்கு. ஒரு வாரமா மெழுகை உருட்டி உருட்டி என் விரல் ரேகையே அழிஞ்சு போச்சு. அந்தப் பேங்க் என்னடான்னா ஒவ்வொரு மூக்கையும் பார்த்துட்டு, கத்திரிக்காய் பொறுக்கற மாதிரி, இது வேண்டாம், இது வேண்டாம்னு தள்ளி விடுது. நான் என்ன, சொத்தை மூக்கா செய்யறேன்?

புரியலை இல்ல. புருவத்தைத் தூக்காதீங்க, அங்கேயும் பசை இருக்கு. முதல்ல இருந்து வர்றேன்.

இந்தக் கடை என்னுது. டோப்பா, தாடி, மீசை, ராஜா உடுப்பு, ராணி உடுப்பு, எல்லாம் வாடகைக்கு. உள் ரூம்ல கண்ணாடி முன்னாடி ஒருத்தர் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரே, அது பொம்மை இல்ல, என் வீட்டுக்காரர். மூக்கு காயட்டும்னு உக்கார வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாடகத்துல ராஜாவா நடிப்பார். கெட்ட ராஜா. மத்த நாள்ல நல்ல மனுஷன்தான், என்ன, வாய்தான் கொஞ்சம் கம்மி. அவருக்கும் சேர்த்து நான் பேசிடறதால வீட்டுல கணக்கு சரியாப் போயிடும்.

இப்ப சங்கதி என்னன்னா, பெரிய நாடகக் கம்பெனி ஒண்ணு கடையைக் கட்டறாங்க. அவங்க டோப்பா பூராவையும் மொத்தமா விக்கறாங்க. அசல் முடி தம்பி. தொட்டுப் பார்த்தேன், தலையோட இருக்கற மாதிரியே வழுக்கிட்டுப் போகுது. இன்னைக்கு நாலு மணிக்குள்ள யார் பணம் அனுப்பறாங்களோ அவங்களுக்குன்னு சொல்லிட்டாங்க. எதிர்க்கடைக்காரி வேற கண்ணு வெச்சிருக்கா. அவ கடையில இருக்கறதெல்லாம் நைலான். அவ டோப்பாவை மாட்டிக்கிட்டு ஒரு ராணி அழுதா, மழையில நனைஞ்ச துடைப்பம் அழற மாதிரி இருக்கும். அவ கைக்கு இந்த முடி போகலாமா? சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க.

என்கிட்ட பணம் இல்லாம இல்ல. இருக்கு. இதுக்குன்னே இத்தனை வருஷமா சேர்த்தது. ஆனா அது பேங்க்ல இருக்கு, பேங்க் அதை வெளிய விட மாட்டேங்குது. ஏன்? மூக்கு சரியில்லையாம்.

முன்னாடி வேற பேங்க்ல, அந்த முக்குல இருக்கே, அங்கதான் போட்டு வெச்சிருந்தோம். அது குடுத்த வட்டி இருக்கே… வருஷக் கடைசியில அதை எடுத்துக்கிட்டுப் போனா ஒரு பாக்கெட் ஹேர்பின் வாங்கலாம். சின்ன பாக்கெட். அப்பதான் இந்த ஆன்லைன் பேங்க் விளம்பரம் வர ஆரம்பிச்சுது. கட்டடம் கிடையாது, கவுன்ட்டர் கிடையாது, வாடகை மிச்சம், அந்த மிச்சத்தை உங்களுக்கே வட்டியாத் தர்றோம்ங்கறான். எங்க மாமியார் கேட்டாங்க, "கட்டடமே இல்லைன்னா திருடன் எங்க போய்த் திருடுவான்?" நியாயமான கேள்விதான். நானே ஒரு நாள் பூரா யோசிச்சேன்.

சரி, போடறதுதான் போடறோம், ஜாஸ்தி வட்டி குடுக்கறவன்கிட்ட போடலாம்னு தேட ஆரம்பிச்சேன் பாருங்க. மூணு மாசம் தம்பி. புடவைக் கடையில கூட நான் அவ்வளவு நேரம் நின்னதில்ல. ஒவ்வொரு பேங்க்கோட வட்டியையும் இதோ உங்க எதிர்ல இருக்கற கண்ணாடியில லிப்ஸ்டிக்கால எழுதி வெச்சேன். அந்த மூணு மாசமும் இந்த நாற்காலியில உக்காந்தவங்க எல்லார் நெத்தியிலயும் சதவீதம் தெரியும். ஒரு போலீஸ் வேஷக்காரர் எழுந்து போறப்போ சொல்லிட்டுப் போனார், "அக்கா, என் நெத்தியில இருக்கறதையே எடுத்துக்குங்க, அதுதான் பெரிசா இருக்கு."

பெரிசாத்தான் இருந்துச்சு. ஆனா அது முதல் மூணு மாசத்துக்குத்தான். அப்புறம் சத்தமில்லாம இறங்கிடும். புதுசா வேலைக்குச் சேர்ந்தவன் மொத மாசம் கடை திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிப்பான் இல்ல, அந்த மாதிரி. அதை அழிச்சேன். இன்னொருத்தன், எப்பவும் இவ்வளவு இருப்பு இருக்கணும், ஒரு நாள் குறைஞ்சாலும் அந்த மாசம் வட்டியே இல்லைன்னான். அழிச்சேன். இன்னொருத்தன், மாசத்துக்குப் பத்து தடவை அவன் கார்டைத் தேய்ச்சு எதையாவது வாங்கினாத்தான் அந்த வட்டியாம். பத்து தடவை நான் எதை வாங்க? ஒரு பாக்கெட் ஊசியைப் பத்தாப் பிரிச்சு வாங்கலாமான்னு யோசிச்சேன். ஊசிக் கடைக்காரர்கிட்ட கேட்டும் பார்த்தேன். அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.

இன்னும் கேளுங்க. ஒருத்தன் எல்லாரையும் விட ஒசத்தி. எனக்குத் தலைகால் புரியலை, எழுதறப்போ லிப்ஸ்டிக்கே ஒடைஞ்சு போச்சு. சரி, நாளைக்கு இவன் முழுகிட்டா நம்ம பணத்துக்குக் காப்பீடு உண்டான்னு தேடினா, கடைசியில பொடி எழுத்துல போட்டிருக்கான், 'நாங்கள் வங்கி அல்ல'ன்னு. பேங்க் இல்லாதவன் எதுக்குடா பேங்க் மாதிரி சட்டை போட்டுக்கிட்டு வர்றே? வேஷம் போடறது எங்க தொழில். எங்க வயித்துல ஏண்டா அடிக்கறே?

கொஞ்சம் முகத்தைத் தூக்குங்க. ம்ம். அப்படியே.

கடைசியில ஒண்ணு அம்புட்டுது. காப்பீடு உண்டு. நிபந்தனை எதுவும் இல்ல. வட்டியை நாளுக்கு நாள் கணக்குப் போட்டு மாசக் கடைசியில சேர்த்துடுவான், அடுத்த மாசம் அந்த வட்டிக்கும் வட்டி. அதுக்கு மேல, இன்னைக்குள்ள சேர்றவங்களுக்கு ஒரு வருஷம் அரை சதவீதம் கூடுதல்னு போட்டிருந்தான். அந்த 'இன்னைக்கு' எதுன்னு நினைக்கறீங்க? நான் பார்த்தது ஞாயித்துக்கிழமை ராத்திரி, நாடகத்து இடைவேளையில, மேடைக்குப் பின்னாடி.

என் அடையாள அட்டை புதுப்பிக்கப் போயிருந்துச்சு, அதனால கணக்கு இவர் பேர்ல. போன் என்னுது. இவர்கிட்ட இருக்கறது பட்டன் போன், அதுல நேரம் பார்க்கலாம், அவ்வளவுதான். எல்லாத்தையும் நானே அடிச்சுக் குடுத்தேன். கடைசியில, முகத்தைக் காட்டு, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கண்ணை மூடித் திறன்னு கேக்குது. இவரோ முழு ராஜா. மெழுகு மூக்கு, கொக்கி மாதிரி. "கழட்டிட்டு எடுக்கலாமே"ன்னார். கழட்டினா திரும்ப ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ரெண்டாம் பாதியில ராஜா சாகணும். வேற மூக்கோட வந்து செத்தா, யாரோ செத்துட்டாங்க போலிருக்குன்னு ஜனங்க டீ குடிக்கப் போயிடுவாங்க. "அப்படியே காட்டுங்க"ன்னு போனைக் கையில திணிச்சுட்டு நான் சிப்பாய்க்கு மீசை ஒட்ட ஓடிட்டேன்.

மறுநாள் காலைல டீ குடிக்கறப்போ கேட்டேன், "ஆச்சா?" "ஆச்சு"ன்னார். "ராஜா மூக்கோடயா?" "ம்"ன்னார்.

தம்பி, எனக்கு எப்படி இருந்திருக்கும்? கம்ப்யூட்டர் தம்பி அது. கோடி முகம் பார்த்த கம்ப்யூட்டர். அதுவே என் மூக்கை நிஜ மூக்குன்னு நம்பிடுச்சு. ஊரைக் கூட்டிச் சொல்லிட்டேன். எதிர்க்கடைக்காரிகிட்ட ரெண்டு தடவை சொன்னேன், மொத தடவை அவ சரியாக் கேக்கலையோன்னு. மத்தியானத்துக்குள்ள போர்டே எழுதி மாட்டிட்டேன், 'வங்கியே நம்பிய மூக்கு இங்கு கிடைக்கும்'னு. நீங்க கூட அதைப் பார்த்துட்டுத்தானே உள்ள வந்தீங்க? தலையாட்டாதீங்க.

பணம் போடறதுக்கு முகம் கேக்கலை. வட்டி பார்க்கறதுக்குக் கேக்கலை. போன வாரம் பெரிய தொகையா எடுக்கணும்னதும்தான், முகத்தைக் காட்டுன்னுது. எந்த முகத்தைக் காட்ட? அந்த மூக்கு அன்னைக்கே உருகிப் போச்சு. மெழுகு மூக்கு ஒரு நாடகத்துக்குத்தான் தாங்கும். சரின்னு புதுசா ஒண்ணு செஞ்சேன். இல்லைங்குது. கொக்கியைக் கொஞ்சம் வளைச்சேன். இல்லைங்குது. ஒரு நாளைக்கு மூணு தடவைதான், அதுக்கு மேல பூட்டிக்கும், மறுநாள்தான் திறக்கும். அன்னைக்கு மூக்கு இடப்பக்கம் சாஞ்சிருந்ததா, வலப்பக்கமான்னு நாடகம் பார்த்தவங்களை எல்லாம் விசாரிச்சேன். ஒருத்தர், "ராஜாவுக்கு மூக்கு இருந்துச்சா?"ன்னார். அவருக்கு இனிமே ஓசி டிக்கெட் கிடையாது.

பேங்க்குக்கு போன் பண்ணினேன். அந்தப் பொண்ணு, "உங்க கணவர் முகத்துல ஏதாவது மாற்றம் இருக்கா மேடம்?"னு கேட்டுது. "எந்த முகத்துல?"ன்னு கேட்டேன். லைன் கட்டாயிடுச்சு.

நீங்க கண்ணாலயே என்ன கேக்கறீங்கன்னு தெரியுது. வெறும் முகத்தைக் காட்ட வேண்டியதுதானே, அதானே? இவரும் மொத நாள்லேருந்து அதையேதான் சொல்றார். விடுவேனா? இருக்கறது மூணு தடவை. பேங்க்குக்குத் தெரியாத முகத்தைக் காட்டி அதுல ஒண்ணை வீணாக்கவா? போனை என் ஏப்ரன் பையை விட்டு வெளியவே எடுக்கறதில்ல, இவர் ஆர்வக் கோளாறுல ஏதாவது பண்ணிடப் போறாரேன்னு. இன்னைக்கு ரெண்டு போச்சு. பாக்கி ஒண்ணு. அதுக்குத்தான் அந்த உள் ரூம் மூக்கு. என் வித்தை மொத்தத்தையும் அதுல இறக்கியிருக்கேன்.

அடடா, இந்தப் பக்கம் தாடி தூக்குது. இருங்க, ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சுக்கறேன். மூச்சு விடலாம், மூக்கால விடுங்க.

என்னங்க, ஏன் எழுந்து வர்றீங்க? இன்னும் காயலை. போய் உக்காருங்க. ஏங்க, ஏப்ரன் பையில எதுக்குக் கையை விடறீங்க? கூசுதுங்க. ஒரு தம்பி உக்காந்திருக்கார், பார்த்தா என்ன நினைப்பார். போனை வைங்க. என்னங்க… உங்களைத்தான். கதவை ஏன் சாத்தறீங்க?

தம்பி, குழாய்ச் சத்தம் கேக்குதா உங்களுக்கு? எனக்கும் கேக்குது. ஏங்க, கழுவாதீங்க. கடைசித் தடவைங்க அது. எதிர்க்கடைக்காரி வாசல்ல வந்து நிக்கறா, இங்கேருந்தே தெரியுது. தம்பி, நான் கையை எடுத்தா உங்க தாடி போச்சு, எடுக்கலைன்னா என் டோப்பா போச்சு. என்னதான் பண்ண? என்னையே ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நீங்களே காசு குடுத்து வந்து உக்காந்திருக்கீங்க, உங்களைப் பாதியில விட முடியுமா. விடலை. புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

வந்துட்டார். என்னங்க ஆச்சு? போயிடுச்சா? எது போயிடுச்சு, பணமா? யாருக்கு? டோப்பாக்காரங்களுக்கா? வாங்கிக்கிட்டோம்னு சொல்லிட்டாங்களா? நிஜமாவா? தம்பி, டோப்பா நம்மளுது. அத்தனையும் நம்மளுது. நான் இப்பக் குதிச்சா உங்க தாடி வந்துடும், அதனால உள்ளுக்குள்ளயே குதிச்சுக்கறேன்.

இருங்க. எந்த மூக்கைக் காட்டினீங்க? உங்க மூக்கா? சொந்த மூக்கா? அது எப்படிங்க பேங்க்குக்குத் தெரியும்? அன்னைக்கு ராத்திரி ராஜா மூக்கைத்தானே…

எடுக்கலையா? அன்னைக்கே எடுக்கலையா? ராஜாவைத் திருப்பி அனுப்பிடுச்சா?

அப்ப "ஆச்சு"ன்னீங்களே. ஓ, காலைல… நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. பல்லு தேய்ச்சுட்டு, துண்டோட. சரி, அதை அப்பவே சொல்றதுக்கு என்ன? என்ன, என் மூஞ்சியா? என் மூஞ்சி எப்படி இருந்துச்சு? அவ்வளவு சந்தோஷமாவா? அதனால சாயங்காலம் மெதுவாச் சொல்லலாம்னு இருந்தீங்க. அதுக்குள்ள நான் போர்டு மாட்டிட்டேன். ஆமா. மாட்டினேன்.

சிரிக்காதீங்க தம்பி, தாடி ஆடுது. இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு சொல்லுங்க. மறுநாள் சேர்ந்திருந்தா அந்த அரை சதவீதம் வந்திருக்காதே. நாள் தாண்டிப் போச்சே. ஆனா மாசாமாசம் வந்துச்சே, தனியா ஒரு வரியா, நானே கண்ணால பார்த்தேனே. யாரு… நீங்களா? நீங்க போட்டீங்களா? மெஷின்ல போய்க் காசு போட்டுட்டு வந்தீங்களா? ஏது காசு? அதான் நாடகம் முடிஞ்சு பஸ்ஸை விட்டுட்டு நடந்தே வந்தீங்களா? கேட்டதுக்கு, காலுக்கு நல்லதுன்னு சொன்னீங்களே.

தம்பி, கேட்டுக்கிட்டீங்களா? ஊர்ல இருக்கற பேங்க்கை எல்லாம் கண்ணாடியில எழுதி, அழிச்சு, எழுதி, அழிச்சு, ஒசத்தியான வட்டி குடுக்கறது எதுன்னு நான் தேடினேன் பாருங்க. அது அந்த உள் ரூம்லயே உக்காந்துக்கிட்டு இருந்திருக்கு. ஒரு வாரமா என் மூக்கை ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம.

நல்லாச் சிரிங்க. நானே சிரிக்கறேன், நீங்க சிரிச்சா என்ன. தாடி போனா இன்னொரு தாடி ஒட்டறேன், காசு வேண்டாம்.

இங்க வாங்க நீங்க. வெளிச்சத்துக்கு வாங்க. ஐயோ, மூக்கு ஏங்க இப்படி வீங்கி, செவந்து கெடக்கு? ஒட்டி ஒட்டிப் பிச்சது. எரியலையா? எரிஞ்சா சொல்றதில்லையா? இது ஆற இன்னும் எத்தனை நாள் ஆகுமோ. ஞாயித்துக்கிழமை இது மேல நான் மெழுகு வைக்கறதா இல்ல, இப்படியேதான் மேடை ஏறணும். கொஞ்சம் பக்கவாட்டுல திரும்புங்க. இன்னும் கொஞ்சம்… தம்பி, நீங்களே பார்த்துச் சொல்லுங்க, இப்பப் பேசலாம். இவ்வளவு நல்ல ராஜா மூக்கு நான் என்னைக்காவது செஞ்சிருப்பேனா?