வலது பக்கத்துத் தொட்டி

மச்சான்: …சரி, கோச் கேட்டாரு. அதுக்கு நீ என்ன சொன்ன?

மாப்பிள்ளை: ஐஸ் தொட்டியில உட்கார்ந்து எழுந்து வந்து சொல்றேன்னேன்.

மச்சான்: ஐஸ்ல உட்கார்ந்தா புத்தி வந்துடுமா?

மாப்பிள்ளை: கால் வலி போகும். புத்தி வர்றப்ப வரட்டும். நீ அந்த இடது தொட்டியில இறங்கு. எனக்கு வலது.

மச்சான்: இறங்கியாச்சு. எனக்கு எப்பவும் இடதுதானே ராசி.

மாப்பிள்ளை: எனக்கு வலதுதான் ராசி.

மச்சான்: பஸ்ல அப்படித்தான், சாப்பாட்டு மேஜையில அப்படித்தான், விமானத்துலயும் அப்படித்தான். ராசி இவ்வளவு பொருந்திப் போச்சேன்னுதான் என் தங்கச்சியை உனக்குக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை: நீ எங்க கொடுத்த? அவளா வந்தா… ஐயோ அம்மா! ஐஸா இது, ஊசியா?

மச்சான்: கத்தாத. இடுப்பு வரைக்கும் உட்காரு.

மாப்பிள்ளை: உட்கார்ந்துட்டேன். உயிர் போகுது.

மச்சான்: போகட்டும். நாளைக்கு மேட்ச்சுக்குள்ள திரும்பி வந்துடும். கோச் என்ன சொன்னாரு, அதை அப்படியே சொல்லு.

மாப்பிள்ளை: "இடது கோட்டோரமா விங்ல ஆடுறவன் கால் பிசகி வீட்டுக்குப் போயிட்டான். நாளைக்கு நீ அங்க ஆடு. உன் வலது விங்ல அந்தச் சின்னப் பையன், ராக்கெட்டைப் போடறேன். முடியாதுன்னா பெஞ்ச்ல உட்காரு." அவ்வளவுதான். கோபமாக்கூடச் சொல்லல. டீயை ஆத்திக்கிட்டே சொன்னாரு.

மச்சான்: முடியாதுன்னு சொல்லிடு.

மாப்பிள்ளை: உனக்கென்ன, வாயில வந்ததைச் சொல்லிட்ட. நாளைக்கு ஜெயிச்சா உலகக் கோப்பை ஃபுட்பாலுக்குப் போறோம் மச்சான். நம்ம நாடு இதுவரைக்கும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்ல. எனக்கு முப்பத்து மூணு வயசு. இதை விட்டா அடுத்ததை நான் சோபாவுல உட்கார்ந்துதான் பார்க்கணும்.

மச்சான்: கிளப்ல சேர்ந்த நாள்ல இருந்து நீ வலது விங், உனக்குப் பின்னால தடுக்கிற வலது பேக் நான். நீ எங்க நிப்பேன்னு நான் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இப்ப வந்து பிரிச்சா என்ன அர்த்தம்?

மாப்பிள்ளை: கிளப்பு வேற, நாடு வேற.

மச்சான்: இடது பக்கம் புல்லு சரியில்ல. காலைல பார்த்தேன்.

மாப்பிள்ளை: பாதி ஆட்டத்துல பக்கம் மாறும். எல்லாப் புல்லும் நமக்குத்தான்.

மச்சான்: அந்தப் பக்கம் வெயில் கண்ணுல அடிக்கும்.

மாப்பிள்ளை: லைட் போட்டுல்ல ஆடப் போறோம்.

மச்சான்: உனக்கு இடது கால் வராது.

மாப்பிள்ளை: போன மாசம் ரெண்டு கோலும் இடது கால்லதான் போட்டேன். நீதான் முதுகுல ஏறிக் குதிச்ச. இன்னும் வலிக்குது.

மச்சான்: அப்புறம் ஏன் அந்த வெளிநாட்டு கிளப்பு கூப்பிட்டப்ப போகல? அவங்களும் இடது விங்தான் கேட்டாங்க. எவ்வளவு பெரிய கிளப்பு! நம்ம ஊர் ஏர்போர்ட்டுக்கே பூங்கொத்தோட ஆள் அனுப்பினாங்க.

மாப்பிள்ளை: எனக்குக் குளிர் ஒத்துக்காதுன்னு அப்பவே சொன்னேனே.

மச்சான்: ஐஸ்ல உட்கார்ந்துக்கிட்டு சொல்ற.

பிசியோ: தம்பிகளா, இன்னும் பத்து நிமிஷம்தான்.

மச்சான்: சரி சார்… பிசியோ சார்தானே?

மாப்பிள்ளை: யாரு?... ஆமா, பிசியோதான். கதவுகிட்ட நிக்கிறாரு. என்ன சார் வேணும்?

பிசியோ: இப்பத்தானே சொன்னேன்!

மச்சான்: பத்து நிமிஷம்தானாம்.

பிசியோ: இந்தாங்க, டவலைப் பிடிங்க… உங்களைத்தான். எவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டே நிக்கிறது?

மாப்பிள்ளை: எங்கிட்ட கொடுங்க சார். மச்சானுக்குக் கவனம் எங்கயோ இருக்கு.

பிசியோ: என்ன ஜோடியோ போங்க. எழுந்ததும் பதில் வேணும்னு கோச் சொன்னாரு.

மச்சான்: …போயிட்டாரா?

மாப்பிள்ளை: போயிட்டாரு. என்ன சொல்லிட்டுப் போனாரு?

மச்சான்: எழுந்ததும் பதில் வேணுமாம். ஆமா, நாளைக்கு உங்கப்பா மேட்ச் பார்க்க வர்றாரா?

மாப்பிள்ளை: வர்றாரு. உன் மூஞ்சி தெரியாத பக்கமா சீட்டு வேணும்னு கேட்டிருக்காரு.

மச்சான்: இன்னுமா?

மாப்பிள்ளை: பின்ன? கல்யாண வரவேற்புல அத்தனை பேர் முன்னாடி உனக்குக் கை நீட்டினாரு. நீ பாட்டுக்கு விறுவிறுன்னு போயிட்ட. மனுஷன் நீட்டின கையை மடக்கத் தெரியாம தலையைச் சொறிஞ்சாரு. "பொண்ணோட அண்ணனுக்கே இவ்வளவு திமிரா"ன்னு இன்னைக்கும் சொல்லிக் காட்டுறாரு.

மச்சான்: சாப்பாட்டைக் கவனிக்கப் போயிருப்பேன்.

மாப்பிள்ளை: ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்ற.

மச்சான்: திமிரைப் பத்தி நீ பேசாத. பழைய கோச் உன்னை வெளிய வரச்சொல்லி, கோட்டுக்கு வந்து நின்னு தொண்டை கிழியக் கத்தினாரு. மைதானமே பார்த்துச்சு. நீ திரும்பிக்கூடப் பார்க்கல.

மாப்பிள்ளை: ஆட்டத்துல கவனமா இருந்தேன்.

மச்சான்: பந்து வெளிய கிடந்துச்சு மாப்ள. நீ குனிஞ்சு லேஸ் கட்டிக்கிட்டிருந்த.

மாப்பிள்ளை: அந்த ஒரு லேஸுக்காக நாலு வருஷம் நாட்டு டீம்ல என்னைச் சேர்க்கல. "கோச்சை மதிக்காத விங்கர்"னு பேப்பர்ல போட்டான். இந்த கோச் வந்துதான் மறுபடி கூப்பிட்டாரு. இவர்கிட்டயும் போய் முடியாதுன்னு நின்னா… எனக்கு நானே குழி வெட்டிக்கிற மாதிரி.

மச்சான்: அன்னைக்கு அந்த கோச் எந்தப் பக்கம் நின்னு கத்தினாரு?

மாப்பிள்ளை: நம்ம கோட்டோரம்தான்.

மச்சான்: உனக்கு எந்தக் கைப் பக்கம்?

மாப்பிள்ளை: என்ன மச்சான், வக்கீல் மாதிரி…

மச்சான்: உனக்கு வலது காது கேக்காது.

மாப்பிள்ளை: ஐஸ் உருகுது மச்சான்.

மச்சான்: உருகட்டும். பதில் சொல்லு.

மாப்பிள்ளை: உன் தங்கச்சி சொன்னாளா?

மச்சான்: அவளா? கேட்டுப் பார்த்தேன். "என் புருஷன் காது, நான் பார்த்துக்கிறேன், நீ உன் வேலையைப் பாரு"ன்னு போனை வெச்சுட்டா.

மாப்பிள்ளை: நல்லவதான். வீட்ல சண்டை வந்தா மட்டும் நான் இடது காதைத் தலையணையில அமுக்கிக்கிட்டுப் படுத்துக்குவேன். அதுக்குத்தான் அவளுக்குக் கோபம்… உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?

மச்சான்: முதல் வாரமே. உனக்கு வலது பக்கம் நின்னு பந்து கேட்டுக் கேட்டு என் தொண்டைதான் வறண்டுச்சு. சரி, இவனுக்கு நம்மைப் பிடிக்கல போலன்னு நினைச்சேன். அப்புறம் ஒருநாள் இடது பக்கம் வந்து சும்மா முணுமுணுத்தேன். பந்து வந்து கால்ல விழுந்துச்சு.

மாப்பிள்ளை: டாக்டருக்கே தெரியாது மச்சான்!

மச்சான்: வருஷா வருஷம் காது டெஸ்ட் வெக்கிறாங்களே, எப்படித் தப்பிச்ச?

மாப்பிள்ளை: டாக்டருக்குப் பின்னால கண்ணாடி அலமாரி இருக்கு. அவர் சத்தம் கொடுக்கிற பட்டனை அமுக்குறது அதுல தெரியும். அவர் அமுக்கினா நான் கையைத் தூக்குவேன். சின்ன வயசுல காதுல சீழ் பிடிச்சது. சொன்னா எந்த கிளப்பு எடுக்கும்?

மச்சான்: காது டெஸ்ட் பரவால்ல. கண் டெஸ்ட்தான் கஷ்டம்.

மாப்பிள்ளை: அதுல என்ன கஷ்டம்?

மச்சான்: ஒண்ணுமில்ல… அதே போர்டுதான் வருது. மனப்பாடம் ஆயிடும்.

மாப்பிள்ளை: நீ ஏன் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேக்கல?

மச்சான்: கேட்டு என்ன ஆகப் போகுது? கோட்டோரத்துல உனக்கு என்ன கேக்கணும்? ரசிகர்கள் திட்டுறதுதான். உங்க பரம்பரை வரைக்கும் போவாங்க. அதெல்லாம் எனக்குத்தான் கேக்கும். நீ பாட்டுக்கு சிரிச்சுக்கிட்டு கார்னர் அடிப்ப.

மாப்பிள்ளை: என்னை வாழ்த்துறாங்கன்னு நினைச்சேன்.

மச்சான்: கை ஆட்டினியே, பார்த்தேன். ஆனா இடது விங் வேற கதை. அங்க போனா மொத்த டீமும் உனக்கு வலது பக்கம் நிக்கும். "பின்னால ஆள்"னு எவன் கத்தினாலும் உனக்குக் கேக்காது. சிநேக ஆட்டத்துல கொஞ்ச நேரம் அங்க ஆடினியே, என்ன ஆச்சு?

மாப்பிள்ளை: கேப்டன் மேல மோதினேன்.

மச்சான்: "விடு, என்னோடது"ன்னு அவர் கத்தினாரு.

மாப்பிள்ளை: அப்படியா கத்தினாரு?

மச்சான்: முன்பல்லோட கத்தின கடைசி வார்த்தை அதுதான்.

மாப்பிள்ளை: நாளைக்குப் பார்த்து ஆடிக்கிறேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்குவேன்.

மச்சான்: கோழி மாதிரியா?

மாப்பிள்ளை: கோழி மாதிரிதான். உலகக் கோப்பைக்குப் போற கோழி.

மச்சான்: பேசாம கோச்கிட்ட காதைப் பத்திச் சொல்லிடு. வலது பக்கமே கேளு.

மாப்பிள்ளை: சொன்னா பெஞ்சும் இல்ல, நேரா வீடுதான். பயமா இருக்கு மச்சான். நிஜமா சொல்றேன், நேத்து ராத்திரி பூரா தூக்கமே இல்ல.

மச்சான்: எனக்கும்தான்.

மாப்பிள்ளை: உனக்கு என்ன? உன் இடத்தை யாரு தொட்டா?

மச்சான்: ராக்கெட்டு பந்தோட மேல போனா தடுக்கக் கீழ வரமாட்டான்.

மாப்பிள்ளை: வராட்டிப் போறான். கோட்டோரமா எவனாவது பந்தைக் கொண்டு வந்தா நீ பிடிக்க மாட்டியா?

மச்சான்: இத்தனை வருஷமா யாரு பிடிச்சா?

மாப்பிள்ளை: நீதான். "வலது பக்கத்து இரும்புக் கதவு"ன்னு பேப்பர்ல உனக்குப் பட்டமே கொடுத்தாங்க.

மச்சான்: பேப்பரை விடு. யோசிச்சுச் சொல்லு.

மாப்பிள்ளை: நீ உள்பக்கமா நிப்ப. "வலது, வலது"ன்னு கத்துவ. நான் மேல இருந்து மூச்சு வாங்க ஓடி வந்து அவனை மறிப்பேன். பந்து உன்கிட்ட உருண்டு வரும். நீ அடிப்ப… ஆமா, நான்தானே மறிச்சேன்?

மச்சான்: ம்.

மாப்பிள்ளை: என்ன ம்? எந்த விங்கராவது இவ்வளவு கீழ ஓடி வர்றானா? நீ சோம்பேறின்னு நினைச்சு, சம்பந்தி வீடாச்சேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்.

மச்சான்: பெரிய மனசு உனக்கு.

மாப்பிள்ளை: அவன் வர்றதைப் பார்த்துத்தானே நீ கத்துவ? பார்த்துட்டு நீயே போக வேண்டியதுதானே?

மச்சான்: காலடிச் சத்தம் கேக்கும். எனக்குத்தான் ரெண்டு காதும் நல்லா இருக்கே.

மாப்பிள்ளை: …மச்சான்.

மச்சான்: சொல்லு.

மாப்பிள்ளை: உன் காரோட வலது பக்கம் பூரா கீறல்.

மச்சான்: எங்க தெரு குறுகல்.

மாப்பிள்ளை: இடது பக்கம் மட்டும் ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி பளபளன்னு இருக்கு.

மச்சான்: அந்தப் பக்கம் அடிக்கடி துடைப்பேன்.

மாப்பிள்ளை: இப்ப பிசியோ டவல் நீட்டினது…

பிசியோ: நேரம் முடிஞ்சுது. எழுந்திருங்க. கோச்சுக்கு என்ன பதில்?

மச்சான்: மாப்ள, பிசியோ வந்திருக்காரு. பதில் கேக்கிறாரு.

மாப்பிள்ளை: சார், நான் வலது விங்லதான் ஆடுவேன்னு சொல்லிடுங்க.

பிசியோ: அப்படின்னா பெஞ்ச்னுல்ல சொன்னாரு?

மாப்பிள்ளை: பெஞ்ச்னு சொல்வீங்க, தெரியும். காரணத்தை நானே வந்து சொல்றேன். எனக்கு வலது காது கேக்காது.

பிசியோ: கேக்காதா? அடப்பாவி… அந்த லேஸ் விஷயம் எல்லாம் திமிர்னுல்ல நாங்க நினைச்சிட்டிருந்தோம்!

மாப்பிள்ளை: சார் வாய் அசையுது. என்ன சொல்றாரு மச்சான்?

மச்சான்: திமிர் இல்லையான்னு கேக்கிறாரு.

மாப்பிள்ளை: அதுவும் கொஞ்சம் உண்டு சார்.

பிசியோ: நல்லாப் பார்த்தேன் போ இத்தனை வருஷமா உன் உடம்பை. காதைத் தவிர எல்லாத்தையும் அமுக்கியிருக்கேன். நான் போய் கோச்சைக் கொஞ்சம் உட்கார வெக்கிறேன், நீ சீக்கிரம் வா.

மச்சான்: …போயிட்டாரா?

மாப்பிள்ளை: போயிட்டாரு.

மச்சான்: ஏன்டா சொன்ன? கோழி மாதிரி ஆடிக்கிறேன்னியே?

மாப்பிள்ளை: நான் அந்தப் பக்கம் கோழி மாதிரி ஆடினா, இந்தப் பக்கம் உன்னை யாரு பார்த்துக்குவா? ராக்கெட்டா? வீட்டுக்கு அனுப்பினா அனுப்பட்டும். நாளைக்கு ஆடினா நீயும் நானும் ஒரே பக்கம் ஆடுவோம்.

மச்சான்: கோச்கிட்ட என்னென்ன சொல்லப் போற?

மாப்பிள்ளை: என் காதை மட்டும்தான். உன்னைப் பத்தி மூச்சு விடமாட்டேன். ஆனா எனக்கு உன் வாயால கேக்கணும். இடது காதுதான் உன் பக்கம் இருக்கு, சொல்லு.

மச்சான்: கோச்சுக்குத் தெரிய வேணாம் மாப்ள, உங்கப்பாவுக்கு மட்டும் சொல்லிடு. அன்னைக்கு அவர் கை நீட்டினது எனக்கு வலது பக்கம். பள்ளிக்கூடத்துல பந்து பட்டதுல இருந்து எனக்கு அந்தக் கண்ணு தெரியாது.