பழைய இரண்டு ஸ்பிரிங்

இங்கே கராஜில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விடுவார்கள், சுஹைனா. தோஹா வெயிலில் வெளியே போக ஏலாது; தூக்கி நிறுத்திய ஒரு காருக்குக் கீழே உட்கார்ந்து இதைப் போனில் பேசிப் பதிந்து அனுப்புகிறேன். நீ சாப்பிட்டுவிட்டு, உம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேள்.

மோட்டார் சைக்கிளில் பின்னாலிருந்து "இன்னும் முறுக்குங்க" என்று நீ சொன்னதால்தான் உன் மாப்பிள்ளை றிஸ்லான் மௌத்தானான் என்று தினமும் அழுகிறாயாம். உம்மா சொன்னார். செய்யாத குற்றத்தை நீ சுமக்கக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏறாவூர் வீட்டை என் தங்கச்சி உனக்கென்றுதான் கட்டினேன். நமது ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவான். தெரிந்துதான் ஐந்து வருடம் இங்கே உழைத்தேன். மாடியில் ஓர் அறையை மட்டும் என் விருப்பத்துக்குக் கட்டினேன். ஜன்னலைத் திறந்தால் வாவி தெரியும். உன் கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது அதுவும் உங்களுக்கு ஆயிற்று. நான் கீழே ஹோலில் பாய் விரித்துப் படுத்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

றிஸ்லானுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். ரேஸ் ஓடுகிறவர்கள் போடும் கேம் ஷாஃப்ட் ஒன்றை எங்கிருந்தோ எடுப்பித்து வைத்திருந்தான். அது வால்வைச் சாதாரணக் கேமைவிட உயரமாகத் தள்ளும். பழைய ஸ்பிரிங்குக்கு அந்த வால்வைச் சட்டென்று இழுத்து மூடப் பலம் காணாது. மெதுவாக ஓடினால் ஒன்றும் தெரியாது. முழுவதும் முறுக்கினால் வால்வு மூடாமல் அந்தரத்தில் நிற்கும், பிஸ்டன் மேலே வந்து அதில் அடிக்கும். எஞ்சின் இறுகினால் பின் சில்லும் சுற்றாமல் இறுகி, ஓடுகிறவனைத் தூக்கியடிக்கும். ஆகவே கேமுக்குப் பொருத்தமான ஸ்பிரிங் இரண்டை இங்கேயே தேடி, உயரம் அளந்து, எத்தனை கிலோவுக்கு அமுங்குகிறது என்று பார்த்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்தேன். அவனுக்கு என் கல்யாணப் பரிசு அதுதான்.

கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் காலை எஞ்சினைக் கழற்றினோம். பக்கத்தில் தேத்தண்ணீரோடு இருந்த றிஸ்லான் சிரித்துக்கொண்டு சொன்னான்: "அடுத்த லீவுக்கு வந்தா பாயில படுக்கத் தேவல்ல மச்சான். ஹோலுக்குள்ள ஒரு சாய்மனைக் கதிரை போட்டுத் தாறன்."

பகிடிதான். நானும் சிரித்தேன். பிறகு அவன் குளிக்கப் போனான். நான் புதுக் கேமைப் போட்டு, கழற்றிய பழைய ஸ்பிரிங் இரண்டையும் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். புது ஸ்பிரிங் இரண்டையும் துணியோடு என் பெட்டிக்குள் வைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது.

அவன் தனியாகத்தான் போவான் என்று நினைத்தேன். நீ பின்னால் ஏறுவாய் என்று யார் கண்டது? துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, "காக்கா, பாசிக்குடா மட்டும் போய்க் கிறுகி வாறம்" என்றாய். இறங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று அவன் கேட்டிருப்பான்.

"மெதுவாப் போங்க மச்சான்" என்றேன். உம்மாவுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

கிரான் தாண்டி நேர் ரோட்டில் அவன் முறுக்கியிருக்கிறான். நீ சொல்லாவிட்டாலும் முறுக்கியிருப்பான். அவனை எனக்குத் தெரியும். எஞ்சினை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. றிஸ்லானின் மையத்தை அடக்கிய மூன்றாம் நாள், அந்த எஞ்சினைப் பழைய இரும்புக்காரனுக்கு நானே தூக்கிக் கொடுத்தேன். நீ வார்டில் இருந்தாய். வந்த பிறகு, நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் மிச்சத்தை வாசல் தாண்டாமல் இருந்து முடித்தாய். அந்த மாதங்களில்தான் இங்கே எனக்கு நிம்மதியாக நித்திரை வந்தது. வீட்டில் நம் ஆட்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்ற ஓர் ஆறுதல்.

உன் காலுக்கு இனிப் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். கவலைப்படாதே, கீழ் அறையிலும் நல்ல காற்று வரும், கட்டியவன் நான்தானே. எல்லாம் உனக்காகத்தான். அடுத்த மாதம் லீவில் வருகிறேன். பாய் ஒன்றும் எடுத்து வைக்க வேண்டாம். மேல் அறை ஜன்னலை மட்டும் இரண்டு நாள் முன்பே திறந்து வைக்க உம்மாவிடம் சொல்.