நூறு விதையில் நாற்பத்தொன்று

சத்தம் போட்டுப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நீங்கள் தணிவாகக் கேட்கிறீர்கள். நானும் நிதானமாகவே சொல்லிவிடுகிறேன்.

விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஊறிய விதையைப் பிளந்து, நிறமில்லாத சாயக் கரைசலில் போடுவோம். உயிருள்ள விதையில் நொதி வேலை செய்து சாயத்தைச் சிவக்க வைக்கும். செத்த விதை வெளுத்தே கிடக்கும். நூறில் எத்தனை சிவந்தது என்று நான் பார்த்துச் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

தங்கையின் கணவருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனும் நானே. ஒல்லியானவர், 'குண்டூசி' என்பார்கள். அவர் சிவந்த விதைகளை இடித்து, நிறத்தை ஆல்கஹாலில் இறக்கி, கருவியில் அளக்கத் தொடங்கினார். எவ்வளவு சிவப்போ அவ்வளவு நொதி. தொண்ணூற்றிரண்டு என்று நான் கையெழுத்திட்ட மக்காச்சோளத்தில் கருவி பாதி நிறம்கூடக் காட்டவில்லை. கண்ணாலும் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்று. அதற்குள் நானூறு குடும்பங்கள் அதை விதைத்துவிட்டு வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் என்னிடம் வந்தார்.

"மச்சான், செவந்தது எது, வெளுத்தது எதுன்னு உங்க கண்ணுக்கு இப்ப தெரியல. நீங்களே மேல எழுதிக் குடுத்துடுங்க. நான் கூட நிக்கிறேன்."

"எத்தனை நாளா தெரியும்?"

"ரெண்டு மாசமா. உங்க தங்கச்சிகிட்டகூட மூச்சு விடல."

இரண்டு மாதமாக ஒருவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார். விதை இடிக்கும் இரும்புக் குழவி மேசையில் இருந்தது. அவர் கருவிப் பக்கம் திரும்பியதும் பின்மண்டையில் போட்டேன்.

ஆத்திரத்தில் விழுந்த ஒரே அடி என்று என் வக்கீல் எழுதியிருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் அப்படியில்லை. கீழே விழுந்தவர் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், ஆஸ்பத்திரி" என்றார். விரல்களைப் பிரித்துவிட்டு, கதவைத் தாழிட்டேன். பதிவேட்டில் அவர் எழுதியிருந்த நாற்பத்தொன்றைச் சுரண்டி, தொண்ணூற்றிரண்டு என்று எழுதினேன். மை காயக் காத்திருந்தேன். பிறகு குனிந்து அவர் மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு இருந்தது. முகத்தில் ஆறு முறை இடித்தேன். ஏழாவது தேவைப்படவில்லை.

நேற்றுத் தங்கை என்னைப் பார்க்கச் சிறைக்கு வந்திருந்தாள். "அவரு ரொம்பக் கஷ்டப்பட்டாராண்ணா?" என்றாள்.

"இல்லம்மா. ஒரே அடி. உடனே போயிட்டாரு."

அவள் மனசு நோகக் கூடாது, பாருங்கள். சின்ன வயதிலிருந்தே அவளை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.