நடு முட்டு

சைட்டுக்குப் புதிதாக வருகிறவர்களின் காலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கட்டட மேலாண்மை படிக்கும் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் வெள்ளை ஷூ. மதியத்துக்குள் அதைத் துடைக்க ஒரு ஓரம் தேடி உட்கார்ந்துவிடுவார்கள். இந்தப் பெண் வந்தது முன்பக்கம் இரும்பு வைத்த பழைய ஷூவில். காலைவிடப் பெரியது. யாருடையது என்று கேட்டேன்.

"எங்க அப்பாவோடது சார். லாரி ஓட்டுறாரு. உள்ள துணி அடைச்சிருக்கேன், கழண்டுக்காது."

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

நான் படித்துவிட்டு வந்தவன் இல்லை. ஜல்லி சுமந்து, கம்பி வளைத்து, மேஸ்திரியாகி, பிறகு மேலாளர் ஆனவன். சொல்லிக்கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. கம்பிக் கட்டு எங்கே தளரும், மணலில் மண் கலந்திருந்தால் கையில் எப்படி ஒட்டும், ஆட்களை எப்போது அதட்டலாம், எப்போது கூடாது, எல்லாம் சொன்னேன். அவளும் பின்னாலேயே வருவாள். ஒரு தடவை சொன்னால் போதும். ஆட்கள் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார்கள்.

எங்கள் சைட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. உங்கள் ஆட்களுக்கு அது தெரியாததால்தான் விசாரணை இத்தனை நாளாகச் செக்குமாடுபோல் சுற்றுகிறது. தளம் ஊற்றினால் அது இறுகும்வரை கீழே முட்டுக் கொடுத்துத் தாங்கி வைப்போம். முட்டுகளைப் பிரிக்கும் நாளில் ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் ஆப்பில் கயிறு கட்டி, ஆட்கள் வெளியே நின்று இழுப்பார்கள். மிக்சர் ஓடும் சத்தத்தில் வாய்ப்பேச்சு காதில் விழாது. அதனால் பிரிக்கச் சொல்கிறவன் தளத்துக்கு அடியில் போய் நடு முட்டில் கை வைத்து நிற்க வேண்டும். கை வைத்தால் இழு என்று அர்த்தம். வேறு உத்தரவு கிடையாது.

முன்பெல்லாம் மேலாளர்கள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு "பிரிங்கடா" என்று கத்துவார்கள். ஆட்கள் அடியில் நுழைந்து பிரிப்பார்கள். அப்படிக் கத்திய ஒரு நாளில்தான் என் அப்பா அடியில் போனார், திரும்பி வரவில்லை. அவருடைய கூட்டாளிகள் கொண்டுவந்த முறை இது. விழாது என்று சொல்கிறவனே அடியில் நிற்கட்டும் என்றார்கள். மேலாளர் ஆன பிறகும் ஒவ்வொரு தளத்துக்கும் நானே நின்றிருக்கிறேன். ஆட்கள் என்னை மதித்தது அதற்காகத்தான்.

முகப்புத் தளம் ஊற்றிய அன்று நல்ல மழை. கலவையில் தண்ணீர் ஏறியிருக்கும் என்று நான் பெரிதாக நினைக்கவில்லை. எத்தனை மழை பார்த்தாயிற்று. முட்டுகள் அடுத்த கட்டடத்துக்கு வேண்டும் என்று முதலாளி நச்சரித்தார். பிரிக்க நாள் குறித்தேன். ஆட்கள் கயிற்றோடு நின்றார்கள். நான் வழக்கம்போல அடியில் நுழையப் போனேன். அவள் ஓடி வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், பிரிக்கச் சொல்லாதீங்க. இது விழும்."

அவள் கையில் ஒரு கான்கிரீட் கட்டி இருந்தது. தளத்துக்கு ஊற்றும் கலவையிலேயே கொஞ்சம் எடுத்து, பின்னால் சோதித்துப் பார்ப்பதற்காக அச்சில் வார்த்து வைப்பது. விளிம்பை நகத்தால் சுரண்டினாள். ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

ஆட்கள் கட்டியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒத்தைப்பல் மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். அவரும் நானும் ஒன்றாகச் சாந்துச் சட்டி தூக்கியவர்கள்.

"அண்ணே, பாப்பா மட்டும் இல்லேன்னா இந்நேரம் மாலை வாங்க ஆள் அனுப்பியிருப்போம்."

"மாலை மட்டும் போதும் மேஸ்திரி. சமாதிதான் மேலயே ரெடியா இருக்கே" என்றான் கம்பி கட்டுகிறவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் சட்டைக் கையை விடவும் மறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எதற்கும் ஒரே கேள்விதான். "பாப்பா பாத்துச்சா?" செங்கல் இறங்கினாலும் கம்பி வந்தாலும் அவளைத் தேடுவார்கள். அவள் என்னைக் கைகாட்டுவாள், "சாரைக் கேளுங்கண்ணே" என்று. அது இன்னும் மோசம். ஒரு நாள் மேஸ்திரியே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டார்.

"நீங்க ஏண்ணே வெயில்ல அலையிறீங்க? அதான் பாப்பா இருக்குல்ல. உக்காருங்க."

அன்பாகத்தான் செய்தார்கள். நான் உட்கார்ந்தேன். உட்காருவதற்கு வசதியான நாற்காலிதான்.

அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்காத விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. அவள் வந்த பிறகு எந்தத் தளத்துக்கும் முட்டுப் பிரித்ததில்லை. நான் அன்று அடியில் நுழையப் போனது சும்மா சுற்றிப் பார்க்க என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கை வைப்பதன் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. இத்தனை தெரிந்த பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்கும் என்று ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது.

அடுத்த வாரம் மேஸ்திரியைக் கூப்பிட்டு அதே முகப்புத் தளத்தின் ஆப்புகளில் மறுபடி கயிறு கட்டச் சொன்னேன். "இந்தத் தளத்தைப் பாப்பாவே முடிவு பண்ணட்டும். நான் வரல" என்றேன். அவருக்குச் சந்தோஷம். "அதானே. அதுக்குத் தெரியாததா."

பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

"கயிறு சும்மா தயாரா இருக்கட்டும்னு கட்டச் சொன்னேம்மா. இன்னைக்கு இழுக்கப் போறதில்ல. நீ அடியில போயி நடு முட்டுல கை வச்சுப் பாரு, ஆட்டம் இருக்கான்னு. வெளிய வந்து நீ என்ன சொல்றியோ அதான்."

"நெஜமாவா சார்? இன்னும் கொஞ்ச நாள் ஆகணும்னு சொன்னா ஆளுங்களை அனுப்பிடுவீங்களா?"

"அனுப்பிடுறேன்."

முட்டுகள் நிற்கும்வரை தளம் விழாது என்பது அவளுக்குத் தெரியும். குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடவிடச் சொன்னவன் நான்தான். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். அவள் நடு முட்டுக்குப் போய் உள்ளங்கையை வைத்தாள். மேஸ்திரி ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவே கை வச்சிருச்சு. இழுங்கப்பா" என்றார்.

முதல் ஆப்பு உருவியபோது அவள் மேலே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கணக்குப் போட்ட பிள்ளை, விடை சரியா என்று வாத்தியார் முகத்தைப் பார்க்குமே, அப்படி.

எப்படியும் இடிக்க வேண்டிய தளம் அது. அவள் சொன்னது சரிதான். கட்டி உதிர்ந்த மாதிரியே உதிர்ந்தது.

மேஸ்திரி அதற்குப் பிறகு யாரோடும் பேசுவதில்லை. தன் வாயால்தான் அவள் போனாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மறுத்துச் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவரோடு வாதாடுவது நன்றாக இருக்காது.

அவளுடைய அப்பா வந்திருந்தார். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பயிற்சிச் சான்றிதழ் கேட்டார்.

"நல்லபடியா எழுதிக் குடுப்பாருப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தா சார். அவகூடப் படிச்ச பிள்ளைங்களுக்கெல்லாம் வந்துடுச்சாம்."

என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்பவர் என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் அதைப் படித்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஷூ ஒன்றுதான் கிடைத்தது, துணி இன்னும் உள்ளேயே இருக்கிறது என்றார். இன்னொன்றைத் தேடச் சொல்கிறேன் என்றேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படாதபோது நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். உங்கள் அறிக்கையை முதலாளி காட்டினார். தளம் இறுகவில்லை என்பது மேலாளருக்குத் தெரியாது, அதைக் கண்டுபிடித்தது பயிற்சிக்கு வந்த மாணவி மட்டும்தான் என்று அதில் இருக்கிறது. ஆட்கள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். அவளை அனுப்பியது நான். கை வைக்கச் சொன்னதும் நான். வைத்தால் இழுத்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். கொலை என்று போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தளம் விழும் என்பது, அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும்.